சென்னையிலிருந்து ஸ்கார்பரோவுக்கு அம்மாவின் வீணை

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை இரவு கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து தங்கை அழைத்தாள். "அண்ணா, ஒண்ணும் பேசாதே, இதைக் கேளு" என்று சொல்லிவிட்டு, கைபேசியை அம்மாவின் வீணைக் குடத்தின் அருகே வைத்து, முதல் தந்தியான சாரணியை வெறுமனே ஒரு முறை மீட்டினாள். பிறகு அதே தந்தியைப் பன்னிரண்டாவது மெட்டில், அதாவது தந்திகளுக்குக் கீழே குறுக்காகப் பதித்த பன்னிரண்டாவது உலோகக் கட்டையில், அழுத்தி மீட்டினாள். கீழ் ஷட்ஜமும் மேல் ஷட்ஜமும் இம்மியும் விலகாமல் சேர்ந்து நின்றன. தாம்பரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து மாதங்களாக நான் அளந்ததும் அறுத்ததும் எழுதித் திருத்தியதும் எல்லாம் அந்த இரண்டு ஒலிகளுக்காகத்தான். இனி யாராவது ஒரு வீணையைக் கடல் கடந்து அனுப்ப நேர்ந்தால் பயன்படட்டும் என்று, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

அம்மா 2022ஆம் ஆண்டு காலமானார். வீணையைத் தங்கைக்கு என்று உயிலில் எழுதியிருந்தார். 1968ஆம் ஆண்டு தஞ்சாவூரில் தாத்தா வாங்கிக் கொடுத்த பலாமர வீணை அது. ஒரே மரத்தில் குடைந்தெடுக்கும் ஏகாண்ட வீணையாக இருந்திருந்தால் என் கவலை பாதியாகக் குறைந்திருக்கும். இதுவோ ஒட்டு வீணை. ஒலி எழும் குடம், மெட்டுகள் பதித்த நீண்ட தண்டி, முனையில் உள்ள யாளித் தலை மூன்றும் தனித்தனிக் கட்டைகளில் செய்து ஒட்டப்பட்டவை என்பதால், குடமும் தண்டியும் சேரும் இடம், தண்டியும் யாளியும் சேரும் இடம் என்று இரண்டு மூட்டுகளைக் காப்பாற்றியாக வேண்டும். முனையிலிருந்து முனை வரை நீளம் 130 செ.மீ., குடத்தின் அகலம் 37 செ.மீ., ஆழம் 30 செ.மீ., எடை 8.4 கிலோ. இந்த நான்கு எண்களையும் முதல் நாளிலேயே எழுதி வைத்துக்கொண்டது நல்லதாயிற்று, ஏனென்றால் பின்னால் யாரிடம் பேசினாலும் முதலில் கேட்டது இவற்றைத்தான்.

முதலில் அஞ்சலகத்துக்குப் போனேன். பார்சலின் எந்தப் பக்கமும் 1.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது சரியாக இருந்தது. ஆனால் நீளத்தையும் சுற்றளவையும் கூட்டினால் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற இரண்டாவது விதியில் வீணை அடிபட்டுப்போனது. நான் மனத்தில் வைத்திருந்த பெட்டிக்கு அந்தக் கூட்டல் 3.26 மீட்டர் வந்தது. அடுத்து ஒரு கூரியர் நிறுவனத்தில் விசாரித்தேன். அவர்கள் பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து, வரும் எண்ணைக் கிலோவாக எடுத்துக்கொண்டார்கள். என் பெட்டிக்கு அது 60 கிலோ. விமான சரக்கில் அதே கணக்கை 6,000 ஆல் வகுப்பதால் 50 கிலோ. உண்மையான எடை பெட்டியோடு சேர்த்து 33 கிலோதான் என்றாலும், இரண்டில் எது பெரியதோ அதற்குத்தான் கட்டணம். கூரியர் சொன்ன விலை ரூ. 46,000. சரக்கு முகவர் கிலோவுக்கு ரூ. 320 என்று ரூ. 16,000 சொன்னார். அதற்கு மேல் சுங்க வேலைகளுக்கும் விமான நிலையக் கட்டணங்களுக்கும் ரூ. 7,500. சரக்கையே தேர்ந்தெடுத்தேன். சரக்கு வீட்டு வாசலுக்கு வராது, தங்கை போய்த்தான் எடுக்க வேண்டும் என்பது மட்டுமே இதில் உள்ள குறை.

பெட்டிக்கு முன்னால் தீர்க்க வேண்டிய ஒரு கேள்வி இருந்தது. குடத்தின் மேல்பலகையைச் சுற்றியும் தண்டியின் இரு ஓரங்களிலும் பூவேலை செய்த வெள்ளை வில்லைகள் பதித்திருந்தன. அந்தக் காலத்து வீணைகளில் தந்தமும் மான் கொம்பும் பதிப்பது வழக்கம் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தந்தமாக இருந்தால் அதை நாட்டைவிட்டு அனுப்பும் பேச்சுக்கே இடமில்லை. மான் கொம்பாக இருந்தாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்த்தால் பிளாஸ்டிக் உருகும், தந்தம் உருகாது என்று ஒருவர் சொன்னதை நம்பி, ஊசியை அடுப்பு வரை கொண்டுபோய்விட்டேன். நல்லவேளையாக, குத்துவதற்கு முன் தஞ்சாவூரில் வீணை செய்யும் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "அய்யோ சார், வேண்டாம். பழைய வெள்ளை வில்லை சில சமயம் செல்லுலாய்டா இருக்கும். குப்புனு பிடிச்சுக்கும்" என்றார். வீணையைக் காரின் பின்னிருக்கையில் படுக்க வைத்து அவரிடமே கொண்டுபோனேன்.

அவர் செய்த சோதனை மிக எளிமையானது. ஏற்கெனவே தளர்ந்திருந்த ஒரு வில்லையை மெல்லிய கத்தியால் நெம்பி எடுத்து, அதன் வெட்டுமுகத்தைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தார். யானைத் தந்தத்தைக் குறுக்கே வெட்டினால் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் மெல்லிய வளைகோடுகள் வலைபோலத் தெரியும். எங்கள் வில்லையில் கோடே இல்லை; பால் உறைந்ததுபோல ஒரே வெள்ளை, நடுவில் ஊசிமுனை அளவு ஒரு காற்றுக்குமிழி. வரிசையாக இன்னும் ஆறு வில்லைகளை அப்படியே பார்த்துவிட்டு, எல்லாம் பிளாஸ்டிக் என்றார். அதைத் தன் கடைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டும் கொடுத்தார்: உடல் பலா, தந்தியை முறுக்கும் பிருடைகள் ஈட்டி மரம், மெட்டுகளும் தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல்தகடும் உலோகம், வெள்ளை வேலைப்பாடு பிளாஸ்டிக். பலாவுக்குப் பன்னாட்டு வணிகத் தடை எதுவும் இல்லை. ஈட்டி மரம் அப்படியல்ல. அருகி வரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில், ஈட்டி உட்பட டால்பெர்ஜியா இன மரங்கள் ஏறத்தாழ எல்லாம் 2017 ஜனவரி 2 முதல் சேர்க்கப்பட்டன. அதனால் உலகெங்கும் இசைக் கலைஞர்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு வந்தது. ஏழு பிருடைகளுக்காக இவ்வளவையும் படிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் சுங்கத்துக்குக் கொடுக்கும் விலைச்சீட்டில் ஆர்டோகார்பஸ் ஹெட்டரோபில்லஸ், டால்பெர்ஜியா லாட்டிஃபோலியா என்ற தாவரவியல் பெயர்களோடு, செய்து முடித்த இசைக்கருவி என்ற சொற்களையும் சேர்த்து எழுதியதால், பின்னால் மரத்தைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பார்வைக்குப் பழமையான பொருள் என்பதால், இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழையும் வாங்கிவிடும்படி முகவர் சொன்னார். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருட்களைத் தனிமனிதர்கள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எங்கள் வீணைக்கு வயது 56. கடை ரசீது காணாமல் போயிருந்ததால், அம்மா கல்லூரி நாட்களில் அதே வீணையோடு எடுத்துக்கொண்ட படத்தையும் தஞ்சாவூர்க்காரரின் கடிதத்தையும் இணைத்துத் தொல்லியல் துறையிடம் விண்ணப்பித்தேன். சான்றிதழ் கிடைத்தது.

இனி பெட்டி. பக்கங்களின் பரப்பைக் கூட்டிப் பார்த்தபோது 2.81 சதுர மீட்டர் வந்தது. எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் ஒரு தாளின் பரப்பு 2.98 சதுர மீட்டர். ஒரே தாளில் முடிந்துவிடும் என்று 12 மி.மீ. தாள் ஒன்றை வாங்கி வந்தேன். தச்சர் அதைச் சுவரில் சாய்த்து, பென்சிலை எடுக்காமலேயே, போதாது என்று சொல்லிவிட்டார். 140 செ.மீ. நீளத்தில் நான்கு பலகைகள் வேண்டும். அவற்றின் அகலங்களைக் கூட்டினால் 174 செ.மீ., தாளின் அகலமோ 122 செ.மீ. மீதமுள்ள துண்டின் நீளம் 104 செ.மீ.தான். பரப்பு இருந்தும் பலகை வராது. இரண்டாவது தாள் வாங்க வேண்டியதாயிற்று. தாள் ஒன்று ரூ. 2,304.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது. பெட்டியின் உள்மூலைகள் உறுதியாக இருக்க வேண்டும் என்று ஒன்றரை அங்குல ரீப்பர்களை, அதாவது மரச்சட்டங்களை, நிறுத்தி, அவற்றில் பலகைகளைத் திருகச் சொன்னேன். பெட்டி அழகாக வந்தது. முகவரின் கிடங்குக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த இளைஞர் மூடியைத் திறந்து மூலையில் கையை வைத்து, "இந்தக் கட்டைக்கு முத்திரை எங்கே சார்?" என்று கேட்டார். நாடு விட்டு நாடு போகும் மரப் பொதிகளில் பூச்சி போய்விடக் கூடாது என்பதற்காக ஐ.எஸ்.பி.எம். 15 என்ற விதி இருக்கிறது. அதன் சூடுபடுத்தும் முறைப்படி மரத்தின் மையம் 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் குறைந்தது 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும், அதற்கான முத்திரையும் கட்டையில் பதிக்கப்பட்டிருக்க வேண்டும். பிளைவுட் பசையும் சூடும் அழுத்தமும் சேர்ந்து உருவாவதால் அதற்கு இந்த விதி பொருந்தாது, 6 மி.மீ. அல்லது அதற்கும் குறைந்த தடிமனுள்ள மரத்துக்கும் பொருந்தாது. பிளைவுட்டுக்கு முத்திரை வேண்டாம் என்று படித்துவிட்டு நிம்மதியாக இருந்த நான், நான்கு மூலைகளிலும் முத்திரையில்லாத பச்சை மரத்தை நிறுத்தி வைத்திருந்தேன். ரீப்பர்களைப் பிடுங்கிவிட்டு, மிச்சம் கிடந்த பிளைவுட் துண்டுகளை மூன்று மூன்றாகப் பசையிட்டு அடுக்கி, அவற்றையே மூலைக்கட்டைகளாக வைத்தோம். ஒரு வாரமும் ரூ. 900 கூலியும் கூடுதலாகப் போனது. ஆணியே அடிக்காமல் எல்லாவற்றையும் திருகாணியில் செய்ததால் பிரித்துச் சேர்ப்பது எளிதாக இருந்தது. சுங்கத்தில் திறந்து பார்த்தாலும் திருப்பி மூட முடியும் என்று எண்ணித்தான் முதலிலிருந்தே திருகாணியைப் பிடிவாதமாகக் கேட்டேன்.

பெட்டியை லேசாகச் செய்யலாமே என்று தச்சர் கேட்டார். 9 மி.மீ. பலகை போட்டால் ஆறேழு கிலோ குறையும்தான். ஆனால் கட்டணம் பருமனுக்கு என்பதால் ஒரு ரூபாயும் மிச்சமில்லை. தவிர, ஒருவர் தூக்கிப் போடக்கூடிய பொதியைவிட இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வைக்க வேண்டிய பொதி பத்திரமாகப் போகும் என்பது என் எண்ணம். பக்கத்துக்கு ஒன்றாக இரும்புக் கைப்பிடி வைத்தேன்.

பொதியும் வேலைக்கு இரண்டு நாட்கள் பிடித்தன. முதலில் யாளிப் பக்கம் தண்டியின் கீழே மாட்டியிருக்கும் சுரைக்காய்க் குடுக்கையைத் திருகிக் கழற்றி, உள்ளே தூசி இல்லாமல் துடைத்து, தனி அட்டைப்பெட்டியில் வைத்தேன். பிறகு தந்திகளை இறக்கினேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக அவிழ்த்துவிடலாமா என்று தஞ்சாவூர்க்காரரைக் கேட்டபோது, குதிரையை எடுக்கும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, தந்திகள் குடத்தின் ஓரத்தில் அவற்றைக் கட்டும் நாகபாசத்திலும் பிருடையிலும் மாட்டியபடியே இருக்கட்டும் என்றார். இல்லையென்றால் போய்ச் சேர்ந்த இடத்தில் ஏழு தந்திகளையும் புதிதாகக் கட்ட வேண்டிவரும். வீணையின் குதிரை ஒட்டப்பட்டதல்ல, தந்திகளின் அழுத்தத்தில் மட்டுமே நிற்பது. எடுத்துவிட்டால் அது நின்ற இடம் தெரியாமல் போய்விடும் என்று, அதன் நான்கு மூலைகளையும் காட்டி மேல்பலகையில் ஒட்டுத்தாள் ஒட்டினேன். இது தவறு. பயணத்தின் சூட்டில் பசை இறுகி, அங்கே தங்கை உரித்தபோது அம்மா துடைத்துத் துடைத்து மெருகேறிய அரக்குப் பாலிஷும் இரண்டு விரல் அகலத்துக்குச் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. தண்டியின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் மேருவிலிருந்து குதிரை வரை 84.5 செ.மீ. என்று நான் தனியே குறித்து அனுப்பியிருந்த தாள் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும்.

உள்ளே தாங்குவதற்கு முதலில் பழைய மெத்தையின் ஸ்பாஞ்சை நறுக்கி வைத்துப் பார்த்தேன். வீணையின் எடைக்கு அது ஒரே இரவில் அமுங்கி, குடம் அடிப்பலகையைத் தொட்டுவிட்டது. ஈ.பி.இ. என்னும் அமுங்காத வெள்ளை பாலிதீன் ஃபோம் தாள்களை 50 மி.மீ. தடிமனில் வாங்கி, ரொட்டிக் கத்தியால் குடத்தின் வளைவுக்கு ஏற்ப வெட்டி அடுக்கினேன். இந்த வேலையில் நான் கற்ற முக்கியமான பாடம் எங்கே தாங்க வேண்டும் என்பதைவிட எங்கே தாங்கக் கூடாது என்பதுதான். எடை முழுவதும் குடத்தின் அடியிலும், தண்டியின் கீழ் இரண்டு இடங்களிலும் இறங்க வேண்டும். யாளி எதன்மீதும் படாமல் அந்தரத்தில் இருக்க வேண்டும். யாளியின் கீழும் ஃபோமை முட்டக் கொடுத்தால், பெட்டி செங்குத்தாக இறங்கும்போது அடி முழுவதும் அந்தச் சிறிய கழுத்தில் போய் விழும். யாளியைச் சுற்றி நான்கு பக்கமும் 4 செ.மீ. வெற்றிடம் விட்டு, மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணியை மட்டும் சுற்றினேன். தண்டியின் கீழே மிஞ்சிய இடத்தில் சுரைக்காய்ப் பெட்டி கச்சிதமாக அமர்ந்தது. மூடியை மூடுவதற்கு முன்னால், வீணைக்குப் பதில் அதே எடைக்கு அரிசி கட்டிய இரண்டு பைகளை வைத்து, ஒரு படிக்கட்டு உயரத்திலிருந்து பெட்டியை மூன்று முறை இறக்கிப் பார்த்தோம். பைகள் அரை அங்குலம்கூட நகரவில்லை.

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பைகளைக் கைநிறையப் போடலாம் என்று இருந்தேன். அதையும் தஞ்சாவூர்க்காரர் தடுத்தார். கடலோரக் காற்றில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த மரம். ஈரப்பதம் 75 விழுக்காடாக இருக்கும் இடத்தில் மரம் சுமார் 14 விழுக்காடு நீரைப் பிடித்து வைத்திருக்கும், 30 விழுக்காடு ஈரமுள்ள அறையில் அது 6 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அந்த இறக்கம் நடந்தே தீரும், ஆனால் மெதுவாக நடக்க வேண்டும். ஆகவே அம்மாவின் பழைய பருத்திப் புடவை இரண்டைச் சுற்றி, அதன்மேல் பாலிதீன் உறையைப் போட்டு வாயை ஒட்டிவிட்டேன். அனுப்பும் மாதத்தையும் இதற்காகவே பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். கோடையில் அனுப்பினால் விமான நிலையத் தளத்தின் வெயிலில் மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு இளகும். ஜனவரியில் அனுப்பினால் அங்குள்ள குளிரில் அதே மெழுகு விறைத்து வெடிக்கும். இங்கே வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னும் அங்கே வீடுகளில் வெப்பமூட்டியைப் போடுவதற்கு முன்னும் உள்ள செப்டம்பர்தான் வாய்த்தது.

காகித வேலையில் நான் செய்த பிழையைத் தங்கைதான் கண்டுபிடித்தாள். விலைச்சீட்டில் 9202.90 என்ற சுங்க எண்ணையும், பயன்படுத்திய பொருள், மதிப்பு ரூ. 25,000 என்பதையும் எழுதி, அனுப்பும் காரணம் என்ற இடத்தில் அன்பளிப்பு என்று போட்டிருந்தேன். கனடாவில் அன்பளிப்புக்குக் கிடைக்கும் வரிவிலக்கு 60 டாலர் வரைதான். மிச்சத்துக்கு ஒன்டாரியோவில் 13 விழுக்காடு விற்பனை வரி உண்டு. ஆனால் வெளிநாட்டில் இறந்தவரிடமிருந்து மரபுரிமையாக வரும் வீட்டுப் பொருட்களுக்கு 9806.00.00 என்ற தனிப் பிரிவு இருக்கிறது. அதன்கீழ் தீர்வையும் இல்லை, வரியும் இல்லை. உண்மையும் அதுதான், இது நான் கொடுத்த பரிசு அல்லவே. அன்பளிப்பு என்ற சொல்லை அடித்துவிட்டு மரபுரிமை என்று மாற்றி, இறப்புச் சான்றிதழின் நகலையும், உயிலின் நகலையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும், உயிலை நிறைவேற்றுபவன் என்ற முறையில் நான் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதத்தையும் சேர்த்தேன். ஒரு தொகுப்பை முகவரிடம் கொடுத்தேன், ஒன்றைப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டினேன், மூன்றாவது தங்கையிடம் இருந்தது. அவள் அதைக் காட்டியபோது வரி எதுவும் கேட்கவில்லை. அங்கே கிடங்குக் கட்டணமாக மட்டும் 110 டாலர் கட்டினாள்.

பெட்டி 12ஆம் தேதி மீனம்பாக்கத்தில் ஏறி, வளைகுடா வழியாக 18ஆம் தேதி டொராண்டோவில் இறங்கியது. வீட்டுக்குள் கொண்டுபோன பிறகும் இரண்டு நாட்கள் திறக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். குளிர்ந்த மரத்தின்மீது அறைக் காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும். அந்த இரண்டு நாட்களும் அவள் பெட்டியின் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தாளாம். திறந்தபோது மூட்டுகள் இரண்டும் முழுசாக இருந்தன. மூன்றாவது, நான்காவது மெட்டுகளின் கீழே மட்டும் மெழுகு விரிசல் விட்டு, மெட்டுகள் ஆடின. மாற்று மெழுகு அனுப்பியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. தேன்மெழுகும் குங்கிலியமும் கரித்தூளும் சேர்ந்த அந்தக் கலவை அங்கே கடையில் கிடைக்கும் பொருள் அல்ல. தஞ்சாவூர்க்காரர் காணொளி அழைப்பில் வழிசொல்ல, ஒரு பழைய திருப்புளியைச் சுடவைத்து, இருக்கிற மெழுகையே விரிசலின் இரு புறமும் இளக்கி, மெட்டை அமிழ்த்தி, சுருதிப்பெட்டியோடு ஒத்துப் பார்த்து இறுகவிட்டாள். ஒரு மாலைப் பொழுது முழுவதும் அதற்கே போயிற்று. மறுநாள் குதிரையை 84.5 செ.மீ.இல் நிறுத்தி, பன்னிரண்டாவது மெட்டில் மேல் ஷட்ஜம் பேசும் வரை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு.

இந்தியப் பக்கத்தில் பலகை, தச்சுக்கூலி, ஃபோம், திருகாணி எல்லாம் சேர்த்து ரூ. 11,748, சரக்குக் கட்டணத்தோடும் முகவர் கட்டணத்தோடும் ரூ. 1,150 காப்பீட்டோடும் மொத்தம் ரூ. 36,398. காப்பீட்டை எடுத்த பிறகுதான் நிபந்தனைகளைப் படித்தேன்: பொதியும் முறை சரியில்லாததால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று இருந்தது. பொதிந்தவன் நான் என்பதால், ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோடு படம் எடுத்து வைத்திருந்தால் ஓரளவு பேச முடிந்திருக்கும். மறுபடி செய்தால் படம் எடுப்பேன், 100 கிராம் மெட்டு மெழுகை ஒரு டப்பாவில் போட்டு அனுப்புவேன், மேல்பலகையில் எந்தப் பசையையும் படவிட மாட்டேன், அங்கே போய் இறங்கும் முன்பே ஈரமூட்டியை வாங்கி வைக்கச் சொல்வேன்.

அந்தக் கடைசி விஷயத்தில் நான் சோம்பலாக இருந்துவிட்டேன். ஜனவரி இரண்டாம் வாரம் தங்கையின் அறையில் ஈரமானி 22 விழுக்காடு காட்டியது. குடமும் தண்டியும் சேரும் இடத்தின் அடிப்புறத்தில் 11 செ.மீ. நீளத்துக்கு முடி போன்ற ஒரு கோடு திறந்தது. அச்சுத் தாளின் ஒரு துண்டு, அதாவது பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர், அதற்குள் தடையில்லாமல் நுழைந்தது. பசை எதையும் ஊற்ற வேண்டாம், மரம் திரும்பி வரட்டும் என்றார் தஞ்சாவூர்க்காரர். ஈரமூட்டி வாங்கி அறையை 45 விழுக்காட்டில் நிறுத்தினாள். வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை, அதே தாள் துண்டை வைத்துப் பார்த்து எனக்குச் செய்தி அனுப்புவாள். மார்ச் கடைசியில் தாள் பாதிதான் நுழைகிறது என்றாள். ஏப்ரல் 20ஆம் தேதி நுழையவே இல்லை.